கோவா கடற்படை விமான அருங்காட்சியகம்: சீ ஹாக் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

டபோலிம் விமான நிலையத்தில் இறங்கியதும் எல்லோரும் பீச்சுக்கு ஓடுகிறார்கள், பக்கத்திலேயே போக்மலோ போகிற வழியில் 1998-ல் திறந்த இந்த அருங்காட்சியகம் இருப்பது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

விமானங்கள் வெளியே திறந்தவெளியில் நிற்கின்றன. கூட்டம் மொய்ப்பது சூப்பர் கான்ஸ்டலேஷனைத்தான். ஏர் இந்தியாவில் பயணிகளை ஏற்றி, விமானப்படைக்குப் போய், கடைசியில் கடற்படையில் ரோந்து சுற்றிய பெரிய விமானம், செல்ஃபிக்கு வசதி. சரி, எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கப்பலிலிருந்து பறந்த போர் விமானமான சீ ஹாக் பக்கம் வாருங்கள்.

பார்க்கச் சின்னதுதான், ஒரே சீட்டு, ஒரே எஞ்சின். ஜெட் விமானம் ஆச்சே என்று வாலில் புகை வரும் துளையைத் தேடினால் இருக்காது, புகை இரண்டாகப் பிரிந்து இறக்கை உடம்போடு ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் வெளியேறுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். மூக்குக்கு அடியில் நான்கு 20 மி.மீ. துப்பாக்கிகள். கப்பலில் இடம் அடைக்காமல் இருக்க இறக்கை மடங்கும்.

1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 4-ம் தேதி விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்திலிருந்து கிளம்பி, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரைத் தாக்கியது இந்த ரக விமானங்கள்தான். அப்போது விக்ராந்தை ஓட்ட நீராவி தரும் கொதிகலன்களில் ஒன்று விரிசல் விட்டிருந்ததால் முழு வேகத்தில் ஓட முடியாது. கப்பல் வேகமாக ஓடினால்தான் மேல்தளத்தில் எதிர்க்காற்று கிடைக்கும், விமானம் ஏற அந்தக் காற்று வேண்டும். அந்த நிலையிலும் சீ ஹாக் விமானங்களின் 300-வது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா சிட்டகாங், குல்னா என்று தாக்குதலை நடத்திக்கொண்டே இருந்தார், கீழே இருந்து சுட்டதில் தன் விமானம் அடிபட்டும் வேலையை முடித்துவிட்டுக் கப்பலுக்கே திரும்பி இறங்கியவர். அடிபட்ட விமானத்தை ஓடுபாதையில் இறக்குவதே பெரும்பாடு, இவர் இறக்கியது ஆடுகிற கப்பலில், விமானத்தின் வால் கொக்கியைத் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டி! போர் வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். இதைப் படித்துவிட்டுப் போனால் அந்த விமானம் வேறு மாதிரி தெரியும், படிக்காமல் போனால் பழைய இரும்புதான்.

உள்ளே விக்ராந்தின் மாதிரி வடிவம் இருக்கிறது, அசல் கப்பலை 2014-ல் உடைக்க விற்றுவிட்டார்கள் என்பது வயிற்றெரிச்சல். வெளியே நிற்கிற விமானங்களுக்கு, உப்புக்காற்று ஊர் என்பதால், ஒரு கூரை போட்டால் நன்றாக இருக்கும். என்னிடம் கேட்டால் ஐந்துக்கு நாலு. காலையிலேயே போய்விடுங்கள், மத்தியான வெயிலில் தரை கொதிக்கும், குழந்தைகளுக்குத் தொப்பி கட்டாயம்.