சுங்கை சிப்புட்டில் படி தாண்டாத ஒரு கணக்கு வகுப்பு

ஆண்டு 5இல் பயிலும் என் பேத்தியை, மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் கடைவரிசை ஒன்றின் மாடியில் நடைபெறும் கணித வகுப்பில் சேர்த்து ஏழு மாதங்கள் ஆகின்றன. வாரத்தில் இரண்டு நாள். மாதக் கட்டணம் 70 ரிங்கிட். 2021இல், ஆறாம் ஆண்டில் எழுதும் அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் நீக்கப்பட்ட பிறகு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரத்தியேக வகுப்பு எதற்கு என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். ஆனால், விடை சரியாக இருந்தாலும் அது எப்படி வந்தது என்று கேட்டால் பேத்தி விழிப்பதைக் கண்டு மனம் மாறினேன்.

முதல் மாதம் பெரும்பாலும் வகுத்தலிலேயே கழிந்தது. 3024ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் அவள் 54 என்று எழுதுவாள். 30இல் 6 ஐந்து முறை போகும். அடுத்து இறக்கிய 2இல் 6 போகாது என்றதும், மேலே சுழியம் இடாமலேயே 4ஐயும் இறக்கி 24 ஆக்கிவிடுவாள். இங்கே ஆசிரியை ஒவ்வோர் இலக்கத்தின் தலைமேலும் அதன் இடமதிப்பை எழுதவைக்கிறார். 30 நூறுகளை வகுத்தால் 5 நூறு; 2 பத்துகளை வகுத்தால் ஒரு பத்துகூடத் தேறாது, ஆகவே பத்தின் இடத்தில் சுழியம்; எஞ்சிய 24 ஒன்றுகளுக்கு 4. விடை 504. அதற்கும் முன்பாக, 6ஐ 500ஆல் பெருக்கினால் 3000 வரும் என்பதால் விடை 500ஐ ஒட்டித்தான் இருக்கவேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்தவன் என்ற முறையில் இந்தப் பழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பால் எடைக் கணக்கில் ஒரு சுழியம் விடுபட்டால் மறுநாள் காலை யார் வந்து அலுவலக வாசலில் நிற்பார் என்பது எனக்குத் தெரியும்.

சமக்குறி விஷயத்திலும் ஆசிரியை கண்டிப்பானவர். 2.50 ரிங்கிட் விலையுள்ள நான்கு பொட்டலங்களும் 3 ரிங்கிட் பானம் ஒன்றும் வாங்கினால் என்ன செலவு என்பதற்கு, ‘4 × 2.50 = 10 + 3 = 13’ என்று ஒரே வரியில் எழுதினால், விடை சரியாக இருந்தும் அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிடுகிறார். 4 × 2.50 என்பது 13க்குச் சமமன்று. எனவே இரண்டு செயல்களும் இரண்டு வரிகளில் வரவேண்டும். பின்னத்துக்கான பயிற்சித்தாளில் பகுதி எண் என்பதன் பக்கத்திலேயே பெஞெபுட் என்னும் மலாய்ச் சொல்லும் அச்சாகியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது உதவும்.

குறை, வாக்கியமாகத் தரப்படும் பிரச்சனைக் கணக்கில்தான். ‘மொத்தம்’, ‘அதிகம்’ என்றால் கூட்டவேண்டும், ‘மீதம்’ என்றால் கழிக்கவேண்டும் என்று சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. மாலாவிடம் 85 ரிங்கிட் உள்ளது, அது கவிதாவிடம் உள்ளதைவிட 17 ரிங்கிட் அதிகம், கவிதாவிடம் எவ்வளவு என்ற கணக்குக்கு, பேத்தி ஒரு படியும் விடாமல் அழகாகக் கூட்டி 102 என்று எழுதி வந்தாள். கணக்கைப் புரிந்துகொள்ளுதல், திட்டமிடுதல், செய்தல், சரிபார்த்தல் என்று கணித அறிஞர் போல்யா வகுத்த நான்கு படிகளில் முதலாவதை அந்த அட்டவணை விழுங்கிவிடுகிறது. ஆசிரியையிடம் சொன்னேன், 22 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்கையும் வாசித்துப் பேச நேரமில்லை என்றார். அது உண்மையும்கூட. எனவே வீட்டில் நானே இருவரின் பணத்தையும் காட்டும் இரண்டு பட்டைகள் வரையச் சொன்னேன். முதலில் கவிதாவின் பட்டையை நீளமாக வரைந்தவள், கணக்கை மறுபடி வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அழிப்பானை எடுத்தாள். 68 வந்தது.

சேர்க்க விரும்புவோர் சனிக்கிழமைக் காலை வகுப்பையே கேளுங்கள்; அதில் மாலை வகுப்பின் பாதிக் கூட்டம்கூட இல்லை. நானும் அடுத்த மாதம் முதல் பேத்தியை அதற்கு மாற்றுகிறேன்.