அட்டவணையா, நேற்றைய கதையா? ஆங்கில இறந்தகாலத்துக்கு எந்த வழி

என்னிடம் வரும் பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவனுக்கு 120 வினைச்சொற்களின் மூன்று வடிவமும் இருக்கும் அட்டவணை முழுக்கப் பாடம். ‘ப்ரிங்’ என்று நான் வாய் மூடுமுன் ‘ப்ரோட், ப்ரோட்’ என்று முடித்துவிடுவான். ஒருநாள், “நேற்றுப் பின்னேரம் என்ன செய்தாய் தம்பி, இங்கிலீஷில் சொல்லு” என்றேன். கூரையைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான். “ஐ... ஐ கோ...” என்றதோடு நின்றுவிட்டான்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் படகுக்கார அண்ணன் இதற்கு நேர் எதிர். திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு வெள்ளைக்காரரை ஏற்றிப் போகிறவர். “யெஸ்டர்டே ஐ சீ த்ரீ ஷார்க், வெரி நியர்” என்று தயக்கமில்லாமல் சொல்வார். கேட்பவர்களுக்கும் விளங்கிவிடும். ஆனால் அந்த வசனத்தில் இறந்தகாலத்தைச் சுமப்பது ‘யெஸ்டர்டே’ மட்டும்தான். விளங்கிவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. அதனால் ‘சீ’ இத்தனை வருடமாக ‘சோ’ ஆகவில்லை.

ஆக, அட்டவணையைப் பாடமாக்குவது ஒரு வழி, பேசிப் பேசிப் பிடிப்பது இன்னொரு வழி. உப்புவெளியில் வீட்டு விறாந்தையில் பின்னேர வகுப்பு எடுக்கும் எனக்கு, தனியே விட்டால் இரண்டுமே போதாது என்றுதான் படுகிறது. ஆனாலும் எதை முதலில் பிடிப்பது என்று கேட்டால், நேற்றைய கதையைப் பேசிப் பழகுவதைத்தான் சொல்வேன்.

அட்டவணைக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். எழுத்துக்கூட்டல் கண்ணில் பதியும். வினையைச் சரியான வடிவத்தில் நிரப்பச் சொன்னால் புள்ளி கிடைக்கும். பிரச்சினை அது அகர வரிசையில் இருப்பது. ‘பிகின்’ பக்கத்தில் ‘பைட்’, அதன் பக்கத்தில் ‘ப்ளோ’. ஒன்றுக்கொன்று ஓசை உறவே இல்லை. இன்னொன்று, மூன்றையும் ஒரே மூச்சில் பாடமாக்கிய பிள்ளைக்கு நடுவில் இருப்பதை மட்டும் தனியே உருவி எடுக்க வராது. ‘வென்ட்’ வேண்டிய இடத்தில் மூன்றாவது கட்டத்து ‘கோன்’ வந்து உட்கார்ந்துவிடும்.

அட்டவணைதான் வேண்டும் என்றால் ஓசைக் குடும்பமாகப் பிரித்து எழுதுங்கள். ‘சென்ட்–சென்ட்’ என்று தமிழில் ஒன்றுபோல எழுதினாலும், கடைசி ஒலி மெலிதாக இருந்து வன்மையாக மாறுகிறது. ‘லென்ட்’, ‘ஸ்பென்ட்’, ‘பென்ட்’ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ‘சிங்–சாங்’, ‘ரிங்–ராங்’, ‘ட்ரிங்க்–ட்ராங்க்’, ‘ஸ்விம்–ஸ்வாம்’ ஒரு வீடு. ‘பை–போட்’, ‘திங்க்–தோட்’, ‘கெட்ச்–கோட்’, ‘டீச்–டோட்’ இன்னொரு வீடு. ‘கட்’, ‘புட்’, ‘ஷட்’, ‘ஹிட்’ மாறவே மாட்டா. ஒன்றைப் பிடித்தால் நாலு கூட வரும். கடைசியில் ‘எட்’ (ed) ஒட்டினால் போதுமான ஒழுங்கான வினைகளுக்கு இந்தச் சிரமம் இல்லை. உச்சரிப்பில் மட்டும் கவனம் வேண்டும்: வன்மையாகவோ மெலிதாகவோ ட் ஒலியில் (t, d) முடிகிறவைக்குத்தான் ‘வோன்டட்’ போல ஓர் அசை கூடும். ‘வோக்ட்’ என்பதை ‘வோக்கெட்’ என்று இழுக்கக் கூடாது.

இனிக் கதை வழி. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வினைகளைப் பாருங்கள்: பி, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், கம், டேக், சீ. பத்தும் ஒழுங்கற்றவை. நேற்று நடந்ததை ஐந்து வசனத்தில் சொல்லப் போனாலே இவற்றில் பாதி தானாக வந்து நிற்கும். பட்டியல் போட்டுத் தேடத் தேவையில்லை.

ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கோணேசர் கோயிலுக்குப் போன கதையைச் சொன்னாள். கோயில் இருக்கும் கோட்டைக்குள் மான் வந்து கையிலிருந்த பணிஸைப் பறித்துவிட்டதாம். “எ டீயர் கேம், மிஸ். இட் ஈட்டட் மை பன். ஐ க்ரைட்.” ‘ஈட்டட்’ பிழைதான். ஆனால் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். விதியைத் தானே கண்டுபிடித்து ‘ஈட்’டின் மேல் ஒட்டியிருக்கிறாள். ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளும் மூன்று வயதில் இப்படித்தான் சொல்கின்றன. “ஓ, இட் ஏட் யோர் பன்?” என்று திரும்பக் கேட்டேன். “யெஸ் மிஸ், இட் ஏட் மை பன்!” படகுக்கார அண்ணனுக்குக் கிடைக்காதது இந்த ஒரு திரும்பக் கேட்டல்தான்.

உண்மையான இடறல் ‘டிட்’டில் இருக்கிறது. மறுக்கவும் கேட்கவும் துணையாக வரும் அந்த ‘டிட்’டை அட்டவணை காட்டுவதே இல்லை. ‘ஐ டிட்ன்ட் வென்ட்’ என்று எழுதாத பிள்ளை அபூர்வம். இதற்கு நான் தமிழைத்தான் காட்டுவேன். ‘போனேன்’ என்போம். மறுக்கும்போது ‘போனேன் இல்லை’ என்றா சொல்கிறோம்? ‘போகவில்லை’. வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டது. ‘டிட்ன்ட் கோ’வும் அதே வேலைதான் என்றதும் பிள்ளைகளின் முகம் தெளியும். கேள்வியில் மட்டும் தமிழ் கைவிட்டுவிடும். ‘போனாயா?’ என்பதில் ‘போன’ அப்படியே நிற்பதால் ‘டிட் யூ வென்ட்?’ என்று வருகிறது. இதற்குக் குறுக்குவழி தெரியவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். அப்புறம், தமிழ்ப் பிள்ளைக்கு ஆறுதலான விஷயம் ஒன்று: போனேன், போனாய், போனாள், போனது எல்லாவற்றுக்கும் ஒரே ‘வென்ட்’ போதும். ‘வாஸ்’, ‘வேர்’ மட்டும்தான் ஆளைப் பார்த்து மாறும்.

‘ஹேவ் கோன்’ போல வினையோடு ‘ஹேவ்’ எப்போது சேராது, வெறும் இறந்தகாலம் எப்போது என்பதற்கும் ஊர்க் கதையே உதவும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. நாள் சொன்னாயிற்று, காலம் முடிந்துவிட்டது. ஆகவே ‘பொம்ட்’ மட்டும், ‘ஹேவ்’ சேராது. அந்தச் சொல்லின் இரண்டாவது ப் எழுத்தில் உண்டு, வாயில் இல்லை.

கைப்பேசிச் செயலிகளையும் கேட்கிறார்கள். பஸ்ஸில் இருந்து ஐந்து நிமிடம் சொல் பழக நல்லது. நாலு விடையில் ஒன்றைத் தொடுவதும் வாயால் வசனம் கட்டுவதும் ஒன்றல்ல.

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதமே இருக்கிறது என்றால் ஓசைக் குடும்ப அட்டவணையோடு ‘டிட்’ பயிற்சியைச் செய்யுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். ஒரு வருடம் கையில் இருந்தால், ஒவ்வொரு இரவும் ஐந்து வசனம், பக்கத்தில் ‘டிட்’ போட்டுக் கேள்வி கேட்க அக்காவோ தம்பியோ ஒருவர். அந்தப் பத்தாம் ஆண்டுப் பையனை இப்படித்தான் தொடக்கியிருக்கிறேன். அட்டவணைக் கொப்பி மூடியபடி மேசையில் இருக்கும். சொல் தட்டுப்பட்டால் மட்டும் திறக்கலாம். போன கிழமை திறக்காமலே நாலு வசனம் சொன்னான்.