பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்லி விற்கப்படும் கருவி: டர்பன் வட்டாரத் தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்களைக் குறிவைத்து, ‘மைலேஜ் பேக்கேஜ்’ என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகரிலுள்ள ஒரு வொர்க்‌ஷாப் நடத்தும் வியாபாரத்தில் 6,000 ராண்டுக்கு மேல் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் காட்டும் வித்தையை எந்த ஊரிலும் யாரும் காட்டலாம் என்பதால், அது எப்படி நடக்கிறது என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

என் வண்டி 2008ஆம் ஆண்டு மாடல். வி6 பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். சாட்ஸ்வர்த்திலிருந்து வேலைக்கும், விசேஷ நாட்களில் குடும்பத்தோடு கோயில்களுக்கும் அதில்தான் போய்வருகிறோம். நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 14 லிட்டர் குடித்துக்கொண்டிருந்த வண்டி, கடந்த சில மாதங்களாக 17, 18 லிட்டர் கேட்கத் தொடங்கியது. இந்த நாட்டில் பெட்ரோல் விலையை அரசே நிர்ணயித்து ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாற்றுவதால், மலிவாகப் போடும் நிலையத்தைத் தேடி அலைவதில் பயனில்லை. வண்டி குடிப்பதைக் குறைப்பதே நம் கையில் இருக்கும் ஒரே வழி. இந்தக் கவலையை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

அந்தப் பேக்கேஜில் இருந்தவை: ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு பார்க்கும் ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று, பெட்ரோல் குழாயில் கவ்வும் இரண்டு காந்தங்கள், புதிய ஏர் ஃபில்டர், பில்லில் மட்டும் இடம்பெற்ற ‘ஆக்சிஜன் சென்சார் மாற்றம்’ (எக்ஸாஸ்ட் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார்). கருவியை மாட்டியதும், “வாங்க அண்ணா, ஓட்டியே பாத்துருவோம்” என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, குளூஃபிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் என்ற மலைச்சரிவு வழியாகப் பைன்டவுனை நோக்கி இறங்கினார் கடைக்காரர். கிளம்புவதற்கு முன், கருவி புதுக்கணக்கு தொடங்க வேண்டும் என்று சொல்லி டாஷ்போர்டில் சராசரி நுகர்வைப் பூஜ்யமாக்கிக்கொண்டார். இறக்கம் முடிந்தபோது திரை 5 லிட்டருக்கும் கீழே காட்டியது.

எம்13 சாலையில் அந்த இறக்கம் எவ்வளவு செங்குத்தானது என்பது இந்தப் பக்கத்தில் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் உள்ள பெரும்பாலான வண்டிகளில், கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். சக்கரங்கள்தாம் எஞ்சினைச் சுழற்றுகின்றன. ஆகவே கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே அந்த எண்தான் வந்திருக்கும். திரும்பி மேலே ஏறும்போது அவர் விரல் ஒரு பொத்தானை அழுத்தியதும், சராசரி மறைந்து வெளி வெப்பநிலை திரைக்கு வந்ததும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. நேர்த்தியான கைவேலை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நுகர்வு குறையவில்லை. போனில் கேட்டபோது, கருவி 200 கிலோமீட்டர் ஓடி உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். பிறகு அடுத்த டாங்கில் தெரியும் என்றார்கள். கடைசியில் குறை என் காலில்தான் இருக்கிறது என்றார்கள். மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற என் மாமா கருவியைத் திருகிப் பிரித்தார். உள்ளே ஒரு சிறிய சிப்பும், சில விளக்குகளும், அவற்றுக்கான ரெசிஸ்டர்களும் மட்டுமே இருந்தன. பாட்டரி மின்சாரம் வரும் 16ஆம் முனையும் எர்த் முனையும் இணைக்கப்பட்டிருந்தன. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டிய முனைகளிலிருந்து ஒரு கம்பிகூடப் போகவில்லை. பேச வழியில்லாத பொருள் எதைக் கற்றுக்கொள்ளும்? காந்தத்தின் கதையும் இதேதான். அது பெட்ரோலை முழுமையாக எரியவைக்கும் என்பார்கள்; ஆனால் சூடேறிய, பழுதில்லாத எஞ்சினில் எரியாமல் போகும் பெட்ரோல் மிகச் சிறிய அளவே என்பதால், ‘முழுமையாக எரியவைத்து’ மிச்சப்படுத்த அங்கே ஒன்றும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் ஒன்றைக்கூடக் காணவில்லை. ஏர் ஃபில்டர் தேவையான பொருள்தான். ஆனால் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் கொடுக்கும் எஞ்சினில், அதை மாற்றுவதால் மைலேஜ் கூடாது.

எனக்கு மிகவும் கசந்தது சென்சார் விஷயம். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, எக்ஸாஸ்ட் குழாயிலிருந்த சென்சாரின் அறுகோண விளிம்புகளில் துரு பொருக்காகப் படிந்திருந்தது; ஸ்பானர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. உண்மையான கோளாறு வேறொரு இடத்தில் இருந்தது. மாமா தன் ஸ்கேனரை மாட்டி நெடுஞ்சாலையில் ஓட்டச் சொன்னார். 80 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) வெப்பம் 65ஐத் தாண்டவில்லை. அந்தத் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டதால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கருதிய கம்ப்யூட்டர் ஓயாமல் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பேக்கேஜ் விலையில் ஒரு சிறு பங்குக்குப் புதிய தெர்மோஸ்டாட் போட்டதும் நுகர்வு பழைய நிலைக்குத் திரும்பியது. கூரைப் பெட்டியையும் கழற்றிவிட்டோம். நெடுஞ்சாலை வேகத்தில் அது மட்டுமே 10 முதல் 25 விழுக்காடு வரை பெட்ரோலைத் தின்னக்கூடும்.

யாராவது கருவி விற்க வந்தால், டாஷ்போர்டு எண்ணை ஏற்காமல், டாங்குக்கு டாங்க் கணக்குப் பாருங்கள். பெட்ரோல் போடுபவரிடம் பம்ப் முதல்முறை ‘கிளிக்’ என்றதும் நிறுத்தச் சொல்லி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, ஓட்டிய பின் அதே பம்பில் மீண்டும் அவ்வாறே நிரப்பி, பிடித்த லிட்டரை ஓடிய தூரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தீமிதிக்குப் போகும் பயணத்தில் அளப்பதானால் போவதையும் வருவதையும் சேர்த்தே அளக்க வேண்டும். அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு பக்கக் கணக்கு எந்தப் பொய்யையும் மெய்யாக்கிவிடும்.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, வேண்டாம் என்று நாமே சொன்னால் தவிர, வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகங்களை நம்மிடம் திருப்பித் தரும்படி கடைக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுத்து மூலம் பழைய சென்சாரைக் கேட்டதும், அதற்குரிய பணம் மட்டும் பேச்சில்லாமல் என் கணக்குக்கு வந்துவிட்டது. பிரித்த கருவியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று அவர்கள் மறுப்பதால், மீதிப் பணத்துக்கு நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் மோட்டார் தொழில் ஓம்பட்ஸ்மனிடம் முறையிட்டிருக்கிறேன். இதே பேக்கேஜுக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், சென்சாரை எவரும் தொடுவதற்கு முன் அதைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். ஓம்பட்ஸ்மனிடம் போகும்போது இவை இரண்டும் தேவைப்படும்.