சான்ஃபிரான்சிஸ்கோவோட ரோடு மார்க் டேட்டா: யூஸ் ஆகுமா?

பே ஏரியால இருக்குற நம்ம ஆளுங்களுக்கு இது. சான்ஃபிரான்சிஸ்கோ சிட்டி தெருவை பிளாக் பிளாக்கா (ஒரு குறுக்குத் தெருவுல இருந்து அடுத்த குறுக்குத் தெரு வரைக்கும் ஒரு பிளாக்) பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 100க்குள்ள ஒரு மார்க் குடுத்து, டேட்டாஎஸ்எஃப் சைட்ல ஃப்ரீயா போட்டு வெச்சிருக்காங்க. பேரு பேவ்மென்ட் கண்டிஷன் இண்டெக்ஸ், சுருக்கமா பிசிஐ (பேவ்மென்ட்னா இங்க நடைபாதை இல்ல, ரோட்டுத் தளம்). வீடு பாக்குறவங்க, சைக்கிள் ஓட்டுறவங்க கண்டிப்பா பாக்கணும்.

மார்க் எப்படி வருதுன்னா, வண்டிச் சக்கரம் போற தடத்துல தார் சின்னச் சின்னக் கட்டமா வெடிச்சிருக்கா (இதான் அலிகேட்டர் கிராக், இது வந்துட்டா மேல பூசி பிரயோஜனம் இல்ல, கீழயே பலம் போயிருச்சு), இல்ல நீளவாக்குல ஒத்தை விரிசல் தானா, பைப்புக்கு தோண்டி ஒட்டு போட்ட இடம் எவ்வளவு, எங்க அமுங்கியிருக்குன்னு பாத்து, எவ்வளவு பரப்பு எவ்வளவு மோசம்னு குறிச்சு 100ல இருந்து கழிச்சுட்டே வருவாங்க. பாஸ்டன்ல 2012ல ஸ்ட்ரீட் பம்ப்னு ஒரு ஆப் விட்டாங்க, கார்ல இருக்குற போன் குலுங்குறத வெச்சு குழி கண்டுபிடிக்குறது, ஐடியா சூப்பர் தான் ஆனா குழின்னு அது காட்டுனதுல நிறைய மேன்ஹோல் மூடி. அதனால இந்த மாதிரி தாரையே உத்துப் பாத்து போடுற மார்க் மேல தான் எனக்கு நம்பிக்கை.

நிறைய பேர் கோவப்படுறது எங்கன்னா, எங்க தெரு 30ல கிடக்கு, பக்கத்துல 68 வாங்குன தெருவுக்கு வேலை நடக்குதேன்னு. ஆனா சிட்டி பண்றது சரி தாங்க. 68ல இருக்குறப்பவே மேல மெல்லிசா ஒரு பூச்சு (சீல்) போட்டுட்டா செலவு கம்மி, 50க்கு கீழ விட்டா சுரண்டி எடுத்து புதுசா போடணும், அடி வரைக்கும் போயிருந்தா செலவு பல மடங்கு. மோசமானத மட்டும் முதல்ல எடுத்தா காசு அங்கயே கரைஞ்சு, நல்லா இருந்த தெருவும் விழுந்துரும். 2011ல ரோட்டு வேலைக்காக சிட்டி 24.8 கோடி டாலர் பாண்ட் (கடன் பத்திரம்) போட்டு காசு திரட்ட மக்கள் ஓட்டு போட்டு ஒத்துக்கிட்டாங்க, 60 சொச்சத்துல இருந்த சிட்டி சராசரி அப்புறம் 70ஐ தாண்டிச்சு. இன்னொண்ணு, புதுசா தார் போட்ட தெருவை எமர்ஜென்சி தவிர 5 வருஷம் தோண்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு, அதனால உங்க தெரு அடியில சாக்கடை பைப், தண்ணி பைப் வேலை பாக்கி இருந்தா அது முடியுற வரைக்கும் தார் வராது.

குறைன்னா ரெண்டு. மெயின் ரோடு அளவுக்கு வீட்டுத் தெருவை அடிக்கடி பாக்க மாட்டாங்க, வருஷக்கணக்கா பழைய மார்க்கா இருக்கலாம், தேதியையும் சேத்து பாருங்க. அடுத்தது, பிளாக் முழுசுக்கும் ஒரே நம்பர், 80 வாங்குன தெருவுலயும் ஓரத்துல சைக்கிள் டயர் மாட்டுற அளவு வெடிப்பு இருக்கலாம், அது இதுல தெரியாது. சைக்கிள் லேனுக்கு தனி மார்க் வேணும், இத ரொம்ப நாளா ஆசைப்படுறேன்.

என் ரேட்டிங் 5க்கு 4. குழி பாத்தீங்கன்னா இதுல சொல்ல வழி கிடையாது, சிட்டியோட புகார் சர்வீஸான 311ல போட்டோவோட போடுங்க.