புரொஜெக்‌ஷன் டிவி வைத்திருப்பவர்களே, ‘டியூப் மாத்தித் தரேன்’ என்று வருகிறவரிடம் செட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

போன தை மாதம் அப்பாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்ததும் அவர் முதலில் போட்டது டிவியைத்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கண்ணுதான் மங்கிப் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேம்மா. படமும்தான் மங்கிக் கெடக்குது” என்றார்.

எங்கள் வீடு ராயபுரத்தில். டிவி 43 இஞ்ச் புரொஜெக்‌ஷன் செட், அதாவது பெட்டிக்குள் இருக்கும் சின்ன டியூப்களின் படத்தைக் கண்ணாடி வழியாகப் பெரிய திரையில் விழவைக்கும் பழைய ரகம். துறைமுகத்தில் வேலை பார்த்து 2003-இல் ரிட்டயர் ஆனபோது கைக்கு வந்த பணத்தில் அப்பா வாங்கியது. 2011 ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதிப் போட்டியன்று ஹாலில் இடம் போதாமல் தெருப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்த்தது இந்த டிவியில்தான். தூக்கிப் போட்டுவிட்டு எல்இடி வாங்கச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அப்பாவுக்கு மனசு வரவில்லை. எண்பது வயதில் அவர் ஆசையாக வைத்திருக்கும் ஒரே பொருளை நானும் பிடுங்க விரும்பவில்லை.

கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒருவருக்கு போன் செய்தேன். வந்தார். பின்பக்கத்தைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. “மூணு டியூபும் அவுட்டு நைனா. மாத்தினா புது செட்டு மாதிரி ஆயிடும்” என்றார். 12,000 ரூபாய் சொன்னார், 7,000 அட்வான்ஸ். பில் கேட்டேன். “வேலை முடியட்டும்க்கா, மொத்தமா தரேன்.” டியூபும் போர்டும் இருக்கும் கீழ்த் தட்டை அப்படியே உருவி, பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார். மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருப்ப தம்பி” என்று சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. போகும்போது உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடியில் நீலக் கலர் கிளீனரை அடித்து, பேப்பரைக் கசக்கி அழுத்தித் துடைத்துவிட்டுப் போனார். மீதி 5,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில் வரவில்லை.

அன்று ராத்திரியே தெரிந்தது. இருட்டுக் காட்சி வந்தால் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்தது போல் இருந்தது. குறுக்கே சாய்வாக மெல்லிய கோடுகள் வேறு. மூன்றாவது வாரத்தில் படம் பழையபடி மங்கியது. வெள்ளைச் சட்டை பழுப்பாகத் தெரிந்தது, எழுத்தைச் சுற்றி நீலம் கசிந்தது. போன் செய்தால் “நாளைக்கு வரேன்க்கா.” அப்புறம் எடுக்கவே இல்லை.

தம்பியின் நண்பன் மூலமாக வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பாயை அழைத்து வந்தோம். அந்தக் காலத்திலிருந்து டிவி வேலை பார்ப்பவர். அவர் பின்பக்கத்தைத் திறந்து டார்ச் அடித்ததும் என்னைக் கூப்பிட்டார். “டியூப மாத்தவே இல்லம்மா. ஸ்க்ரூ மேல கம்பெனி வெச்ச பெயின்ட் ஒடையாம இருக்கு பாரு. இத ஒடைக்காம டியூப் எப்படிக் கழலும்?” டியூபின் கழுத்தில் இருந்த தூசி கூடக் கலையவில்லை.

அவர் சொல்லிக் காட்டியதை எழுதுகிறேன், உங்களுக்கு உதவும். இந்த செட்டுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன டியூப்கள், ஒவ்வொன்றும் 7 இஞ்ச் அளவு. அவற்றின் வெளிச்சம் லென்ஸ் வழியாக மேலே போய், கண்ணாடியில் பட்டுத் திரும்பித் திரையில் விழுகிறது. டியூபுக்கும் லென்ஸுக்கும் நடுவே சூடு தணிக்க ஒரு திரவம் உண்டு. புதிதில் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். எங்கள் செட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் நீர்மோர் மாதிரி கலங்கிக் கிடந்தது. லென்ஸ் மேலும் கண்ணாடி மேலும் கரித்தூசி. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை நிறுத்தும் வரை, ராயபுரத்தில் துடைத்த மேசை சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். அதே தூசியை இந்த டிவியும் எட்டு வருஷம் உள்ளே இழுத்திருக்கிறது. படம் மங்கியதற்கு முக்கியக் காரணம் அழுக்கும் கலங்கிய திரவமும்தான்.

அந்த ஆள் செய்தது என்ன? உள்ளே ஃபோகஸுக்கு மூன்று, ஸ்க்ரீனுக்கு, அதாவது டியூபின் வெளிச்சத்தை ஏற்றி இறக்க, மூன்று என்று குமிழ்கள் இருக்கின்றன. ஸ்க்ரீன் குமிழ் மூன்றையும் திருகி ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். படம் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். இருட்டுக் காட்சியிலும் டியூப் ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கும். வயதான டியூப் இதைத் தாங்காது. மூன்று வாரத்தில் நீல டியூப் பாழானது இப்படித்தான்.

கண்ணாடிதான் எனக்கு ஆறவே இல்லை. நாம் முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். இதில் முன்பக்கமே பூச்சு. பேப்பரால் தேய்த்தால் கீறல் விழும், அம்மோனியா கலந்த கிளீனர் பூச்சையே அரித்துவிடும். மென்மையான துணியும் காய்ச்சி வடித்த நீரும் போதும், அதையும் அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும். எங்கள் கண்ணாடியில் விழுந்த கோடுகள் இனிப் போகாது.

பாய் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்தார். திரவத்தை மாற்றினார், லென்ஸ்களைத் துடைத்தார், ஸ்க்ரீனைக் குறைத்தார். கன்வர்ஜென்ஸ் கோடுகளைத் திரையில் வரவைத்து, மூன்று நிறமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் வரை ரிமோட்டால் நகர்த்தினார். முழுதாக ஒரு பகல். 2,800 ரூபாய், பில்லோடு. பழைய திரவத்தை பாட்டிலில் மூடி எடுத்துப் போனார். அது விஷம், ஆனால் இனிப்பாக இருக்கும், தெரு நாய் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும் என்றார்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு மெக்கானிக் வந்தால் முதலில் பின்பக்கத்தைத் திறக்கச் சொல்லி, லென்ஸில் டார்ச் அடித்து நீங்களும் பாருங்கள். நீங்களாகக் கை வைக்காதீர்கள், சுமார் 30,000 வோல்ட் இருக்கும் இடம், ஸ்விட்சை அணைத்த பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். டியூப் மாற்றியதாகச் சொன்னால் பழைய டியூபைக் கையில் கேளுங்கள். மாற்றிய பிறகு கன்வர்ஜென்ஸ் பார்க்காமல் ஒருவர் கிளம்பினால், டியூபையே அவர் தொடவில்லை என்று அர்த்தம். வேலை பார்த்ததை இருட்டு அறையில், இருட்டுக் காட்சி போட்டுச் சோதித்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள். டியூப் இல்லாமல் லேம்ப் வைத்த மாடலாக இருந்தால் லேம்ப் எத்தனை மணி நேரம் எரிந்தது என்பது பல செட்களில் மெனுவிலேயே தெரியும், அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் மனு போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவும், ‘டியூப் மாத்தியாச்சு’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸும் பத்திரமாக இருக்கின்றன. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் இதே மாதிரி செட்டைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போன ஆளிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து மனு கொடுப்போம்.