கோம்பி இன்ஜினுக்குச் சாயம் பூசி மூன்று ஆண்டுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவுக்கு அருகில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் ஊரில், 1974ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வேகன் கோம்பி முகாம் வண்டி ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் இன்ஜினை இறக்கிப் பழுதுபார்த்து, சாயம் பூசி ஏற்றி மூன்று ஆண்டுகளும் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டரும் ஆகிவிட்டன. பூசிய மறுநாள் எந்தச் சாயமும் அழகாகத்தான் இருக்கும் என்பதால் இதை எழுத இதுவரை பொறுத்திருந்தேன்.

இது 1584 சிசி இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, விசிறி தள்ளும் காற்றும் இரண்டரை லிட்டர் எண்ணெயும்தான் சூட்டைத் தணிக்கின்றன. விசிறிக் கூட்டைக் கழற்றியபோது, சிலிண்டரின் மெல்லிய செதில்களுக்கு இடையே செம்பனை நாரும் காய்ந்த புல்லும் கைப்பிடியளவு திணிந்திருந்தன. எலி கட்டிய கூடு. தோட்டங்களில் எலிகளைப் பிடிப்பதற்காகவே ஆந்தைகளுக்குக் கூட்டுப் பெட்டிகள் வைக்கிறார்கள். நாள்கணக்கில் நிற்கும் வண்டி எலிகளுக்கு நல்ல புகலிடம். கேமரன் மலை ஏறும்போதெல்லாம் எண்ணெய் அழுத்தம் குறைவதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு மினுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

இன்ஜின் முழுவதற்கும் வெள்ளிச் சாயம் அடித்துத் தருவதாகப் பட்டறை ஒன்றில் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். செதில்கள்மீது தடித்த சாயம் படிந்தால் அது வெப்பத்தை உள்ளேயே நிறுத்தும். ஆகவே சிலிண்டர்களை மூடும் அலுமினிய ஹெட்டுகளையும் மக்னீசியக் கலவையாலான அடிக்கூட்டையும் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு துலக்கி, அப்படியே விட்டேன். (காஸ்டிக் சோடா அலுமினியத்தையே அரித்துவிடும் என்பதால் அதைத் தொடவில்லை.) இரும்புச் சிலிண்டர்களுக்குத் துரு பிடிக்காத அளவுக்கு ஒரே ஒரு மெல்லிய கறுப்புப் பூச்சு. தகரக் கவசங்களுக்கு மட்டும் துருவைச் சுரண்டி, அடிப்பூச்சிட்டு, வெப்பம் தாங்கும் கறுப்புச் சாயத்தை மழையில்லாத முற்பகல்களில் மூன்று மெல்லிய படலங்களாகத் தெளித்தேன்.

தகரங்கள் இன்றும் பளபளக்கின்றன. செம்மண் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அடிக்கூட்டில் சாம்பல் நிறப் பொடி பூக்கிறது; மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். புகைக்குழாயில்தான் தோல்வி. எட்டே மாதங்களில் சாயம் செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் செந்துரு தெரிந்தது.

சாயத்தைவிடப் பெரிய மாற்றத்தைத் தந்தது, இன்ஜின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு. பழையது நைந்து, கீழே வெளியேறிய சூடான காற்று மீண்டும் விசிறிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. புதியதைப் பொருத்திய பின், தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் வரையிலான ஏற்றத்தில் விளக்கு ஒருமுறையும் மினுக்கவில்லை. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, விடியற்காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டருக்குச் சரிசெய்து எண்ணெயையும் மாற்றுகிறேன். அப்போதே கைவிளக்கை அடித்து விசிறியின் வாயில் நார் ஏதும் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறேன்.

அடுத்த முறை இன்ஜினை இறக்கும்போது புகைக்குழாய்க்குச் சாயம் பூசப்போவதில்லை. துருப்பிடிக்காத எஃகுக் குழாயாகவே மாற்றிவிடப்போகிறேன்.