வேன் கூரையில் சோலார்: கண்ணாடிப் பேனலா, வளையும் பேனலா?

சித்திரை மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு வேனின் தகரக் கூரைமேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஒரு நொடிகூடத் தாங்காது. சோலார் பேனல் வாங்கக் கிளம்பும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்தச் சூட்டின்மேல் பேனலை ஒட்டப்போகிறோமா, உயர்த்திப் பொருத்தப்போகிறோமா என்பதை வைத்தே மற்ற முடிவுகள் எல்லாம் அமையும்.

பழைய டெம்போ டிராவலர் ஒன்றைத் தங்கும் வேனாக மாற்றியபோது நான் வளையும் பேனலைத்தான் தேர்ந்தெடுத்தேன். 100 வாட் பேனல் ஒன்று சுமார் 2 கிலோதான். அதே திறனுள்ள கண்ணாடிப் பேனல் 6 முதல் 8 கிலோ வரை இருக்கும். வேனின் உயரம் அதிகமாகாது, காற்றுப் பிடிக்காது, பசை தடவி ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் இரண்டாவது கோடையில், இரண்டு பேனல்களில் ஒன்றின் நடுவே சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி தோன்றியது. தடவிப் பார்த்தபோது மேலுறை கொப்புளம்போல் எழும்பியிருந்தது. உச்சி வெயிலில் 5 ஆம்பியர் தந்துகொண்டிருந்த பேனல், அதன்பின் 2 ஆம்பியரைத் தாண்டவில்லை.

பேனலின் முதுகில் எழுதியிருக்கும் வாட், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் செல் சுமார் 0.35 முதல் 0.4 விழுக்காடு வரை திறனை இழக்கும். அடியில் காற்றோடும் கண்ணாடிப் பேனல் 65 டிகிரிக்குப் போனால் 15 விழுக்காடு அளவுக்கு இழப்பு. தகரத்தோடு ஒட்டிய பேனலுக்கு வெப்பம் காற்றில் வெளியேற மேற்பக்கம் மட்டுமே வழி. அது 80 டிகிரியைத் தொட்டால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இதில் இன்னொன்றும் உண்டு. ஒட்டிய பேனல் தன் சூட்டை வேனுக்குள் இறக்குகிறது. உயர்த்திப் பொருத்திய பேனலோ கூரைக்குப் பந்தல் போட்டதுபோல் நிழல் தருகிறது. படுக்கைக்கு மேலே வரும் பகுதியில் கண்ணாடிப் பேனலைப் பொருத்திய பிறகு, மாலையில் உட்கூரையைத் தொட்டாலே வித்தியாசம் தெரிந்தது.

ஆயுளிலும் இரண்டும் வேறு வேறு உலகம். கண்ணாடிப் பேனலுக்கு 25 ஆண்டுத் திறன் உத்தரவாதம் தருவது வழக்கம். வளையும் பேனலுக்குச் சில ஆண்டுகள்தான். துணிக்கூரை அல்லது வளைந்த ஃபைபர் கூரை உள்ளவர்களுக்கு வளையும் பேனலை விட்டால் வழி இருக்காது. அவர்கள் பெட் (PET) என்ற சாதாரண பிளாஸ்டிக் உறை போட்டதை விட்டு, வெயிலைக் கூடுதலாகத் தாங்கும் இடிஎஃப்இ (ETFE) பிளாஸ்டிக் மேலுறை உள்ளதை வாங்கட்டும். கடினமான கூரையானால் அடியில் உள்ளீடற்ற பாலிகார்பனேட் ஷீட் ஒன்றைக் கொடுத்து ஒட்டினால் சூடு கொஞ்சம் குறையும்.

கண்ணாடிப் பேனல் என்று முடிவானதும் அடுத்த கேள்வி: வீட்டு மாடியில் போடும் 540 வாட் பேனல் ஒன்றா, 100 வாட்டில் மூன்றா? வாட் கணக்கில் பெரியதுதான் மலிவு. ஆனால் அது 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், ஏறத்தாழ 28 கிலோ. கூரையில் காற்றாடியோ ஏசி பெட்டியோ இருந்தால் இடமே கிடைக்காது. கிடைத்தாலும் அதன் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழும். சிறியவற்றை இணையாக இணைத்தால் நிழல் விழுந்த பேனல் மட்டும் நஷ்டப்படும், மற்றவை தம் வேலையைச் செய்யும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். பெரிய பேனலுக்கு, அதன் கூடுதல் வோல்டேஜை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் எம்பிபிடி (MPPT) கன்ட்ரோலர் கட்டாயம். மலிவான பிடபிள்யூஎம் (PWM) கன்ட்ரோலர் பேனலின் வோல்டேஜை பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடும். 12 வோல்ட் பேட்டரியில் 540 வாட் பேனலிலிருந்து 170 வாட் அளவுதான் தேறும். எம்பிபிடி வாங்கியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பேனலின் திறந்த வோல்டேஜ், அதாவது எதனோடும் இணைக்காதபோது காட்டும் வோல்டேஜ், 49க்கு மேல். இரண்டைத் தொடராக இணைத்தால் 99 வோல்ட் வரும். 100 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலருக்குச் சரியாக இருக்கிறதே என்று தோன்றும். குளிரில் வோல்டேஜ் ஏறும். 5 டிகிரியில் விடியும் ஊட்டியின் ஜனவரிக் காலையில் அது 104ஐத் தொடும், கன்ட்ரோலர் கருகும். சமவெளியில் ஓராண்டு நன்றாக ஓடிய அமைப்பு மலையேறிய முதல் காலையிலேயே சாக இது போதும்.

12 வோல்ட் ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்கு, கைபேசி என்று நாளுக்கு 800 வாட்-மணி செலவாகும் வேனுக்கு 300 வாட் போதும். நம் ஊரில் நாளுக்குச் சுமார் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது. ஆகவே நான் 100 வாட் பேனல் மூன்றின் பக்கம். பேனலைச் சாய்த்து நிறுத்தும் கால்களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அவை ஐரோப்பியக் குளிர்காலத்துக்கு உரியவை. சென்னையில் டிசம்பர் மதியத்திலும் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது.

பொருத்துவதற்கு மூன்று வழிகள். முதலாவது பசை. நல்ல பாலியுரித்தேன் பசையின் பிடி உறுதியானதுதான். ஆனால் அது பிடித்திருப்பது பெயிண்டை. பழைய வேனுக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால், பிராக்கெட் ஒருநாள் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வரும். இரண்டாவது, துளையிட்டு போல்ட் போடுவது. துளையின் விளிம்புக்கு பிரைமர், உள்ளே அகலமான வாஷர், மேலே சீலன்ட் என்று பொறுமையாகச் செய்தால் நிற்கும். ஒரு துளையில் அவசரப்பட்டாலும் ஐப்பசி மழையில் மெத்தை நனையும்.

மூன்றாவது, நம் பட்டறைகளுக்குக் கைவந்த கலையான கேரியர். என் ஓட்டு இதற்குத்தான். கூரையின் ஓரத்தைப் பிடித்து நிற்கும் கேரியரில் அலுமினிய சேனல் போட்டு, பேனலுக்கும் கூரைக்கும் நடுவே 5 சென்டிமீட்டராவது விட்டுப் பொருத்தினால் காற்றோட்டம் தானாக அமைகிறது. எடையும் உயரமும் கூடுவது உண்மைதான். ரயில்வே சுரங்கப்பாதைகளில் உயரப் பலகையைப் பார்த்து நுழைய வேண்டும், சாலையோரப் புளியமரக் கிளைகளுக்கு ஒதுங்க வேண்டும். காற்றையும் குறைத்து எடைபோடாதீர்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வரும். முன்விளிம்பில் ஒரு தடுப்புத் தகடு, எல்லா இடத்திலும் அதிர்வில் கழலாத நைலாக் நட்டு, இவை இல்லாமல் கிளம்பக் கூடாது. கடலோரம் அதிகம் போகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் வாஷர் போடட்டும். உப்புக்காற்றில் இரண்டும் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும்.

தரையில் விரிக்கும் மடிப்புப் பேனலையும் சிலர் கேட்கிறார்கள். வேனை மர நிழலில் விட்டுவிட்டு, ஐந்து மீட்டர் வயரில் பேனலை மட்டும் வெயிலில் கிடத்தலாம். கோடையில் அது பெரிய நிம்மதி. ஆனால் வேன் ஓடும்போது சார்ஜ் ஏறாது, கண் மறைந்தால் காணாமல் போகும், கொடைக்கானல் பக்கம் குரங்குகள் வயரை விடாது. கூரையில் 300 வாட் போட்ட பிறகு, இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் தங்குகிறவர்கள் கூடுதலாக வாங்கலாம்.